மணல்வெளியில் எழுந்த பாங்கோசை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமையன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து, முல்லா வீதி வழியே இல்லம் திரும்பிக் கொண்டிருந்தேன். வயது முதிர்ந்த தாயார் ஒருவர் முக்காட்டைச் சரிசெய்தவாறு எதிரே வந்து நின்று, மடித்த தாள் ஒன்றை நீட்டினார். அவருடைய இளைய மகனை அரபு நாட்டுக்கு அனுப்ப ஏற்பாடாகியிருக்கிறது. முதலில் ஓட்டுநர் வேலை என்றார்களாம். பிறகு தோட்ட வேலை என்றார்களாம். தாளில் உள்ள அரபு எழுத்தை எவரும் படித்துச் சொல்லவில்லை. நான் படித்தேன். தொழில் என்னும் கட்டத்தில் "ராயீ கனம்" என்றிருந்தது. ஆட்டு இடையன் என்பது அதன் பொருள்.

அந்த அம்மையார் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்னர், "ஹஜ்ரத், ஆடு மேய்க்கிறது நபிமார்கள் செஞ்ச வேலைதானே? புள்ளையப் போகச் சொல்லலாமா?" என்று கேட்டார். ஒரு வினாவைப் போல் தோன்றினும் அவை இரண்டு வினாக்கள். முன்னதற்கு விடை கூறுதல் எளிது. பின்னதற்கு நான் அன்று விடை கூறவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டேன்.

ஆடு மேய்க்காத நபி எவரும் அனுப்பப்படவில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதும், தாங்களுமா எனத் தோழர்கள் வினவ, ஆம், மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகளுக்கு மேய்த்து வந்தேன் என்று விடையிறுத்ததும் புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளன. கீராத் என்பது நாணயத்தின் சிறு பகுதி. அதனை மக்காவிலுள்ள ஓர் இடத்தின் பெயராகக் கொண்ட விரிவுரையாளர்களும் உளர். கூலி என்று கொள்வதே எனக்கு மனநிறைவு தருகிறது. அகிலத்தாருக்கு அருட்கொடையாக வந்தவர் கூலிக்கு உழைத்தார் என்பதில் குறைவேது? மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரில் எட்டு ஆண்டுகள் பணிபுரிய ஒப்பந்தம் செய்ததும், பத்தாக நிறைவு செய்தால் அது அவர்தம் பெருந்தன்மை என்று முதலாளி கூறியதும், உம்மைத் துன்பத்தில் ஆழ்த்த நான் விரும்பவில்லை என அவரே உறுதியளித்ததும் சூரத்துல் கஸஸில் விளங்குகின்றன. காலம் இவ்வளவு, ஊதியம் இது, கொடுமை இல்லை. மேய்ச்சல் தொழிலுக்கான ஒப்பந்தம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேறில்லை.

இனி, அந்தத் தாயாரின் இரண்டாம் வினா. அதற்கு விடை தேடியபோது என் நினைவு ஆஸ்திரேலியப் பாலைவெளிக்குச் சென்றது. நம் தேசத்திலிருந்து போன முஸ்லிம்கள் அங்கே வாழ்ந்த வரலாறு நம் வீடுகளில் போதிய அளவு அறியப்படவில்லை.

'ஸ்டேஷன்' என்னும் தனியுலகம்

நம்மூரில் ஸ்டேஷன் என்றால் ரயில் நிற்கும் இடம். அல்லது எவரும் போக விரும்பாத காவல் நிலையம். ஆஸ்திரேலியாவில் அச்சொல் மாபெரும் கால்நடைப் பண்ணையைக் குறிக்கும். தெற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள அன்னா கிரீக் என்னும் மாட்டுப் பண்ணை உலகிலேயே மிகப் பெரியதெனப் பெயர் பெற்றது. 2016-இல் ஒரு பகுதி பிரித்து விற்கப்பட்ட பின்னரும் அது 15,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. காரைக்கால், மாஹே, ஏனாம் நீங்கலாக நம் புதுச்சேரிப் பகுதி ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர். அதாவது, 50 புதுச்சேரிகளை ஒரே வேலிக்குள் அடைத்துவிடலாம்.

1788-இல் ஆங்கிலேயர் அங்குக் குடியேறினர். மெரினோ ஆட்டின் கம்பளி பெரும் பொருள் ஈட்டித் தரும் எனக் கண்டதும், மந்தைகளோடு உள்நாட்டுக்குள் புகுந்து கண்ணுக்கெட்டிய நிலத்தையெல்லாம் வளைத்தனர். அரசாங்கம் பின்னர் குத்தகையாக்கி அதற்குச் சட்ட வடிவம் தந்தது. அந்நிலம் ஆளற்றதன்று, பல்லாயிரம் ஆண்டுகளாகப் பூர்வகுடிகள் வாழ்ந்த மண். இதனை மறந்து அப்பண்ணைகளின் வரலாற்றைக் கூறுதல் நீதியாகாது. அவர்களைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

ஆரம்பத்தில் தண்டனைக் கைதிகளே அங்கே இடையர்கள். கம்பி வேலி பரவிய பிறகு இடையனுக்கு வேலை இல்லாமற் போயிற்று. வேலியைச் சுற்றிவந்து பழுது பார்க்கும் குதிரைவீரன் ஒருவன் போதும் என்றாயிற்று. அவன் எல்லைக் குடிசையில் தனித்திருப்பான். வாரக்கணக்கில் மனித முகம் காண மாட்டான். மாவும் தேயிலையும் சர்க்கரையும் உப்பிட்ட இறைச்சியுமே உணவு. ஆண்டுக்கொரு முறை கம்பளி வெட்டும் பருவத்தில் மட்டும் பண்ணை திருவிழாக் கோலம் கொள்ளும். 1888-இல் டார்லிங் ஆற்றங்கரையிலுள்ள டன்லப் பண்ணையில், ஏறத்தாழ 1,84,000 ஆடுகளின் உரோமத்தை இயந்திரக் கத்திரியால் வெட்டி முடித்தனர். 40 பேர் அவ்வேலையைச் செய்தனர். இராமநாதபுரத்துக் கீதாரிகள் சில நூறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை வயல்களில் கிடை போடுவதையே பெரிதாகக் கண்ட நமக்கு இக்கணக்கு மலைப்பூட்டும்.

இப்பண்ணைகளுக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அங்கு வளர்ந்த குதிரைகள் கடல் கடந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, ஆங்கிலேயப் படைக்கு விற்கப்பட்டன. நியூ சவுத் வேல்ஸ் என்ற பெயரிலிருந்தே அவற்றுக்கு 'வேலர்' என்னும் பெயர் அமைந்தது. குதிரைகள் இங்கு வந்தன. ஒட்டகங்களும் மனிதர்களும் இங்கிருந்து போயினர்.

கராச்சியிலிருந்து புறப்பட்டவர்கள்

உள்நாட்டுப் பண்ணையில் கம்பளி மலையாகக் குவிந்தாலும், அதனைத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்த்தல் பெரும்பாடாயிற்று. எருதுகளுக்கும் குதிரைகளுக்கும் வழியில் நீரில்லை. ஒட்டகத்தைப் பற்றிய எண்ணம் அப்போது எழுந்தது. 1840-இல் முதல் ஒட்டகம் அங்கு இறங்கியது. அதன் கதை சோகமும் நகைப்பும் கலந்தது. 1846-இல் ஹாரக்ஸ் என்னும் ஆய்வுப் பயணி துப்பாக்கியில் தோட்டா இட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஒட்டகம் உடலைக் குலுக்கியது. துப்பாக்கி வெடித்து அவர் காயமுற்று இறந்தார். ஒட்டகத்தைப் பழக்கத் தெரிந்த மனிதர் இன்றி ஒட்டகத்தை மட்டும் வரவழைத்ததன் பலன் அது.

1860-இல் பர்க் - வில்ஸ் ஆய்வுக் குழுவுக்காக லேண்டல்ஸ் என்பவர் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்களை மெல்போர்னுக்குக் கொண்டு சென்றபோது ஓட்டிகளையும் உடனழைத்துச் சென்றார். தோஸ்த் முஹம்மத் அவர்களுள் ஒருவர். சாம்லா என்னும் இந்து அன்பர் ஒருவரும் இருந்தார். குழுவில் தரப்பட்ட இறைச்சியை உண்ண அவருடைய சமயம் இடந்தரவில்லை. பட்டினி கிடக்க இயலாமல், தம்மை விடுவிக்குமாறு வேண்டிப் பயணத்தின் தொடக்கத்திலேயே விலகிச் சென்றார். உணவின் தூய்மைக்காக ஊதியத்தை உதறியவர் எந்தச் சமயத்தவராயினும் மதிக்கத் தக்கவரே. தோஸ்த் முஹம்மத் பின்னர் ஒட்டகம் ஒன்றினால் தாக்குண்டு கை செயலிழந்து, மெனிண்டீ என்னும் சிற்றூரிலேயே தங்கி, அங்கேயே அடக்கம் பெற்றார்.

பெருமளவில் ஆட்கள் சென்றது 1866-இல். தாமஸ் எல்டர் என்னும் பண்ணைச் செல்வர் கராச்சியிலிருந்து 124 ஒட்டகங்களையும் 31 ஆட்களையும் வரவழைத்து, ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரிலுள்ள தம் பெல்டானா பண்ணையில் ஒட்டக வளர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் 1920-கள் வரை ஆயிரக்கணக்கானோர் போயினர். பலூசிஸ்தான், பெஷாவர், சிந்து, பஞ்சாப், காஷ்மீரம் எனப் பல பகுதியினராயினும் வெள்ளையர் அனைவரையும் 'ஆப்கான்' என்ற ஒரே பெயரால் அழைத்தனர். பின்னர் அதனையும் 'கான்' என்று சுருக்கிவிட்டனர். பெரும்பாலோர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமக்கள்.

பொதுவாக மூன்றாண்டு ஒப்பந்தம். வெள்ளையருக்கு அளிக்கப்பட்டதைவிடக் குறைந்த ஊதியம். ஒட்டகத்தை மண்டியிடச் செய்ய "ஹூஷ்டா" என்று குரல் கொடுப்பார்கள். இன்றும் அந்நாட்டில் ஒட்டகம் பழக்குவோர் அச்சொல்லை மறக்கவில்லை. இருபுறமும் கம்பளிப் பொதி ஏற்றி, மூக்கணைக் கயிற்றை முன்னுள்ள ஒட்டகத்துடன் பிணைத்து, அறுபது எழுபது ஒட்டகங்களைச் சிலரே ஓட்டிச் செல்வர். போகும்போது கம்பளி, வரும்போது மாவு, தேயிலை, வேலிக் கம்பி, தகரம், பண்ணைப் பெண்டிர்க்குத் துணிமணி, சில நேரங்களில் பியானோ வாத்தியம்கூட. 1870 முதல் 1872 வரை அக்கண்டத்தின் குறுக்கே தந்திக் கம்பம் நட்டபோது பொருள் சுமந்தவை ஒட்டகங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை முயல்களைத் தடுக்க 1,833 கிலோமீட்டர் நீள வேலி எழுப்பியபோதும் அவையே உதவின. 1873-இல் வார்பர்ட்டன் மேற்குப் பாலைவனத்தைக் கடந்த பயணத்தில் பதினேழு ஒட்டகங்களுள் இரண்டே மிஞ்சின. ஸாலிஹ், ஹலீம் என்னும் இரு முஸ்லிம்கள் அக்குழுவில் இருந்தனர்.

தகரத்தால் ஒரு பள்ளிவாசல்

மலையுச்சியில் ஆடு மேய்க்கும் ஒருவன் தனியே பாங்கு சொல்லித் தொழுவதைக் கண்டு அல்லாஹுத்தஆலா உவக்கிறான் என்பது நபிமொழி. ஆட்டையும் பாலைவெளியையும் விரும்பிய ஒருவருக்கு, உரத்த குரலில் பாங்கு சொல்லுங்கள், அவ்வொலியைக் கேட்ட அனைத்தும் மறுமையில் சான்று பகரும் என்று அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவுறுத்தினார்கள். மதரஸாவில் இந்த ஹதீஸ்களை ஓதியபோது எனக்கு அரபுப் பாலைவனமே கண்முன் தோன்றும். ஆஸ்திரேலிய மண்ணில் அவை செயலாயின என்பதைப் பின்னரே அறிந்தேன்.

நீர் கிடைக்காத இடத்தில் அவர்கள் தயம்மும் செய்தார்கள். ஒட்டகத்தை மண்டியிடச் செய்து அதனருகே தொழுதார்கள். ஆட்டைத் தாமே அறுத்தாலன்றி இறைச்சி உண்ண மறுத்தார்கள். பண்ணையார்கள் முதலில் முணுமுணுத்தாலும் பின்னர் உயிருள்ள ஆட்டை விற்கப் பழகிக் கொண்டனர். மாரீ என்னும் ஊரில் 1880-களில் மண்ணாலும் மரத்தாலும் சிறு பள்ளிவாசல் எழுந்தது. எதிரே உளூச் செய்யக் குளம். சுற்றிலும் அவர்கள் நட்ட பேரீச்சை மரங்கள். அடிலெய்டு நகரில் 1888-89-இல் ஹாஜி முல்லா மெஹர்பான் முதலியோர் முயற்சியால் கற்பள்ளிவாசல் அமைந்தது; 1903-இல் அதற்கு நான்கு மினாராக்கள் சேர்ந்தன. ப்ரோக்கன் ஹில்லில் எழுந்ததோ நெளிதகரப் பள்ளிவாசல். அது இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

நம் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பிரெஞ்சுக்காரரோடு சைகோனுக்குச் சென்றபோதும் இதையே செய்தார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல் அந்நகரின் நடுவே இன்றும் நிற்கிறது. அங்கு வணிகச் செழிப்பு இருந்தது. இங்கோ தகரமும் புழுதியுமே இருந்தன.

ப்ரோக்கன் ஹில் பள்ளிவாசலில் பழைய நூல் ஒன்று நெடுங்காலம் குர்ஆன் என்றே கருதப்பட்டு வந்தது. சமியா காத்தூன் என்னும் வரலாற்றறிஞர் அதனைப் புரட்டியபோது, அது கல்கத்தாவில் அச்சான வங்காளச் செய்யுள் நூல், கஸஸுல் அன்பியா, அதாவது நபிமார்களின் வரலாறு எனக் கண்டறிந்தார். 2018-இல் வெளியான தம் நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். நம் மூதாட்டியர் அரபுத் தமிழில் நபிமார் வரலாறு ஓதக் கேட்டு வளர்ந்தவர்கள். அதே வரலாற்றை வங்காளத்து மாலுமியோ வணிகரோ ஒருவர் அப்பாலைவெளிக்குச் சுமந்து சென்றிருக்கிறார். ஆடு மேய்த்த நபிமார்களின் கதையை, ஆட்டுக் கம்பளி சுமந்தவர்கள் இரவில் செவிமடுத்திருப்பார்கள் என்று எண்ணும்போது உள்ளம் நெகிழ்கிறது.

எல்லாரும் நல்லோர் என்று கூறுவதற்கில்லை. ஃபைஸ் முஹம்மத், தாஜ் முஹம்மத் என்னும் உடன்பிறந்தார் ஒட்டக வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டினர். 1896 ஜனவரியில் கூல்கார்டி என்னும் தங்கச் சுரங்க ஊரின் பள்ளிவாசலில், தொழுகையில் இருந்த தாஜ் முஹம்மதை மற்றொரு முஸ்லிமே சுட்டுக் கொன்றார், கொன்றவர் தூக்கிலிடப்பட்டார். பகைமை அவ்வளவு தொலைவிலும் அவர்களைப் பின்தொடர்ந்தது. வேறு விதமாக உயர்ந்தவர்களும் உண்டு. போர்க் நகரை அடுத்த வங்கமனா என்னும் பண்ணையையே விலைக்கு வாங்கி, நூற்றுக்கணக்கான ஒட்டகங்களுடன் வாழ்ந்தார் அப்துல் வாதி. முதல் உலகப் போர் மூண்டபோது தம் ஒட்டகங்களை அரசாங்கத்துக்கு அளிக்க முன்வந்தார். ஆயினும் வெள்ளையர் சமூகம் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்கவில்லை.

ஏற்காமைக்குச் சட்டமே துணை நின்றது. 1901-இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1903-இல் ஆசியருக்குக் குடியுரிமை மறுப்பு. ஊருக்குப் போய் மனைவியை அழைத்துவர வழியில்லை. சிலர் பூர்வகுடிப் பெண்களையும் சிலர் ஐரோப்பியப் பெண்களையும் மணந்தனர். பலர் மணமின்றியே மூப்பெய்தினர். மாரீயில் ரயில் பாதைக்கு ஒருபுறம் வெள்ளையர், மறுபுறம் ஒட்டக ஓட்டிகளும் பூர்வகுடியினரும். பலூசியரான பெஜா தர்வேஷ் அம்மறுபுறத்தில் வாழ்ந்தவரே. 1896-இல் கால்வர்ட் ஆய்வுப் பயணத்தில் அவர் காட்டிய உறுதியை மெச்சி, தலைவர் வெல்ஸ் தம் திசைகாட்டியை அவருக்குப் பரிசளித்தார். பெஜா 1957-இல் காலமானார். அடிலெய்டு பள்ளிவாசலை அடுத்த குடில்களில் ஒதுங்கிய முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். 1950-களில் போஸ்னிய முஸ்லிம்கள் வந்து சேர்ந்தபோது, அங்கே தொழுகைக்கு இருந்தவர்கள் மிகச் சிலரே.

ஒட்டகங்களின் முடிவும் அத்தகையதே. 1920-களில் லாரி வந்தது. 1929-இல் ரயில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸை அடைந்தது. அந்த ரயிலுக்கு 'கான்' என்ற பெயர் மட்டும் எஞ்சியது. தெற்கு ஆஸ்திரேலியா 1925-இல் ஒட்டகங்களை அழிக்கவே ஒரு சட்டம் செய்தது. தம்மோடு உழைத்த உயிரைச் சுடக் கை எழாத பலர் அவற்றைப் பாலைவெளியில் அவிழ்த்துவிட்டனர். அவை பல்கிப் பெருகின. 2009 முதல் 2013 வரை அந்நாட்டு அரசு சுமார் 1,60,000 ஒட்டகங்களை அகற்றியது.

கூலி என்னும் கேள்வி

பூர்வகுடியினரைப் பற்றிக் கூறுவதாகச் சொன்னேன். வடபகுதி மாட்டுப் பண்ணைகளில் மாடு ஓட்டுதல், குதிரை பழக்குதல், வேலி அமைத்தல் அனைத்தும் அவர்கள் உழைப்பு. பெற்றதோ மாவும் சர்க்கரையும் பழந்துணியும். சில இடங்களில் சிறிது காசு. 1946-இல் பில்பரா பகுதியில் நூற்றுக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். 1966 ஆகஸ்ட் 23 அன்று வேவ் ஹில் பண்ணையில் வின்சென்ட் லிங்கியாரி என்னும் மூத்தவர் தலைமையில் குரிஞ்சி மக்கள் வெளியேறினர். முதலில் கூலி கேட்டவர்கள், பின்னர் நிலத்தையே கேட்டனர். ஒன்பதாண்டு காத்திருந்தனர். 1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் விட்லம் நேரில் வந்து ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் பெய்து நிலத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்.

கூலிக்கு ஆள் அமர்த்தி, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக இறைவன் கூறும் ஹதீஸ் குத்ஸி ஒன்று உண்டு. நான் அதனைப் பல மேடைகளில் எடுத்துரைத்திருக்கிறேன். பெரும்பாலும் மாற்றார் செய்த கொடுமைகளுக்கு மேற்கோளாகவே எடுத்தாண்டேன் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். கலிமாச் சொன்ன முதலாளிக்கும் அது பொருந்தும் என்பதை உரத்துச் சொல்ல நாம் கூசுகிறோம்.

ஆஸ்திரேலியப் பண்ணையின் தனிமை இன்று அவ்வளவு கொடியதன்று. 1928-இல் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கிற்று. அடுத்த ஆண்டு, காலால் மிதித்து இயக்கும் வானொலி வந்தது. 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வானொலி வழியே பண்ணைச் சிறுவர்களுக்குப் பாடம் நடத்தலாயினர். ஆனால் வளைகுடாப் பாலைவெளியின் ஒரு மூலையில், தண்ணீர்த் தொட்டியும் கூடாரமும் ஆட்டு மந்தையுமாக விடப்பட்ட நம் பிள்ளைக்கு வானொலியும் இல்லை, வைத்தியரும் இல்லை. மலையாளத்தில் 2008-இல் வெளிவந்த பென்யாமின் எழுதிய 'ஆடுஜீவிதம்', அவ்வாறு சிக்கிய ஒருவரின் மெய்வாழ்வைத் தழுவியது. 2024-இல் திரைப்படமாகவும் வந்தது. எல்லா முதலாளியும் அத்தகையவர் அல்லர். பெற்ற மகனைப் போல நடத்திய அரபுப் பெருமக்களைப் பற்றியும் திரும்பி வந்தவர்கள் வாயிலாகக் கேட்டிருக்கிறேன். எனினும் நல்லவராக அமைந்தால் பிழைப்போம் என்பது ஒப்பந்தமாகாது. மூஸா (அலை) அவர்களின் முதலாளி நல்லவராயிருந்தும் காலத்தை வரையறுத்தார். அல்லாஹ்வைச் சாட்சி வைத்தனர்.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாயார் மகனுடன் வந்தார். அதே தொழிலைப் பெருமானார் (ஸல்) அவர்கள் செய்தார்கள், வெட்கப்பட ஏதுமில்லை என்று முதலில் கூறினேன். பிறகு சில கேள்விகள் கேட்டேன். முதலாளியின் பெயர் என்ன? எந்த ஊர்? அடுத்த பள்ளிவாசல் எத்தனை தொலைவு? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? ஆளனுப்பும் முகவர் அரசாங்கப் பதிவு பெற்றவரா? சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா? பையன் எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டான். தாளை மீண்டும் வாங்கி, இம்முறை இறுதி வரி வரை படித்தேன். மாத ஊதியம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அதனை நிரப்பி, முத்திரையுடன் வாங்கி வருமாறு கூறி அனுப்பியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.